7805 மின்னழுத்தச் சீராக்கி

7805 என்பது 5 வோல்ட் நிலையான வெளியீடு தரும் நேரியல் மின்னழுத்தச் சீராக்கி ஆகும். இது நுண்கட்டுப்படுத்திச் சுற்றுக்களில் பரவலாகப் பயன்படுகின்றது. இதன் உள்ளீடு வெளியீட்டை விடச் சுமார் 2 வோல்ட் கூடுதலாக இருத்தல் வேண்டும். ஆகவே 6 வோல்ட் மின்கல அடுக்கு இதற்குப் போதாது. அங்கு குறைந்த மின்னழுத்த வேறுபாட்டில் இயங்கும் சீராக்கி தேவை.

வெப்ப இழப்பு

மிகை மின்னழுத்தம் வெப்பமாக வீணாகின்றது. 12 வோல்ட் உள்ளீட்டில் 100 மில்லியாம்பியர் மின்னோட்டத்துக்கு இழப்பு (12 − 5) × 0.1 = 0.7 வாட் ஆகும். 500 மில்லியாம்பியர் எனில் இது 3.5 வாட் ஆகும். வெப்பந்தணிக்கும் தகடு இல்லையெனில், சீராக்கி தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை நிறுத்திவிடும். நுண்கட்டுப்படுத்தி அடிக்கடி மீளத் தொடங்கும். இத்தகைய சுற்றுக்களுக்கு இழப்புக் குறைந்த நிலைமாற்றுச் சீராக்கி ஏற்றது. எனினும் அதன் வெளியீட்டில் இரைச்சல் மிகுதி என்பதால், நுண்ணிய உணரி அளவீடுகளுக்கு நேரியல் வகையே விரும்பப்படுகின்றது.