தையல்தோறும் ஒரு திருநாமம்

கார்த்திகை மாதத்தின் கடைசி ஞாயிறு. வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் அமைந்துள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் திருக்கோயிலில் நள்ளிரவிலும் கூட்டம் அலைமோதும். மகப்பேறு வேண்டும் பெண்கள் சிம்ம தீர்த்தத்தில் நீராடி, ஈரப் புடைவையுடன் பிராகாரத்தில் படுத்து, இறைவனை நினைந்து கண்ணயர்வார்கள். கனவில் மலரோ கனியோ கண்டவர்களுக்கு மழலைச் செல்வம் வாய்க்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. குழந்தை சிவசர்மனுக்கு எட்டவில்லை என்பதற்காகத் தன் திருமுடியையே சாய்த்துக் கொடுத்த பெருமான் அல்லவா அவர்!

அந்தப் பெண்களுடன் துணைக்கு வந்திருக்கும் தாய்மார்களையும் மாமியார்களையும் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பிறக்கப் போகும் மழலைக்காக ஏங்கும் நெஞ்சம் ஒன்று மட்டுமன்று. வீட்டுப் பெரியவர்களின் நெஞ்சமும் கூடவே ஏங்குகிறது. அந்த ஏக்கத்தைப் பொறுமையுடன் ஒரு துணியில் இறக்கி வைக்கும் கலைதான் குழந்தைப் போர்வையில் இடும் குறுக்குத் தையல். ‘கிராஸ் ஸ்டிச்’ என்று பள்ளித் தையல் வகுப்பில் கற்றது பலருக்கு நினைவிருக்கலாம்.

நடுப்பகலின் அமைதி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் பொழுது விடிந்ததும் ‘ஷூ கம்பெனி’க்குப் புறப்படும் இளம்பெண்கள் பலர். காலணியின் மேற்பகுதியைத் தைப்பது முதல் பெட்டியில் அடுக்குவது வரை இவர்கள் கைபடாத வேலை அரிது. மகளோ மருமகளோ வேலைக்குச் சென்றபின், கைக்குழந்தையைக் காக்கும் பொறுப்பு பாட்டியினுடையது. இன்னும் சில இல்லங்களில் பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்க, பேரக் குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் மட்டுமே காண முடிகிறது. முதலாமவருக்குக் குழந்தை உறங்கும் ஒரு மணி நேரம் ஓய்வு. இரண்டாமவருக்கோ நாள் முழுவதுமே ஓய்வு. அந்த ஓய்வு சுமையாகிவிடாமல் காப்பதற்கு ஊசியும் நூலும் போதும்.

முழங்கால் வலியால் வாசலில் அமர்ந்து புள்ளிக் கோலம் இட முடியாமற் போன முதியவர்களுக்கு இக்கலை புதிதன்று. புள்ளியை எண்ணிக் கோலம் இட்ட கை, இங்கே கட்டத்தை எண்ணித் தையல் இடுகிறது. நீலகிரியில் தோடர் குலப் பெண்கள், துணியில் எந்த வரைபடமும் இல்லாமல் இழைகளை எண்ணியே கறுப்பும் சிவப்புமாகத் தைத்துவிடுகிறார்கள். அவர்களது பூத்துக்குளிப் போர்வை கோயில் விழாவிலும் இடம்பெறும். இறுதிச் சடங்கிலும் உடன் வரும். அந்தத் தையற்கலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழந்துணியின் பெருமை

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் தாத்தாவின் பழைய வேட்டியிலோ பாட்டியின் நைந்த நூல்புடைவையிலோ கிடத்துவது தமிழ் இல்லங்களின் வழக்கம். பலமுறை துவைத்த துணி பட்டுப்போல் மென்மையாகியிருக்கும் என்பது கண்கூடான காரணம். குலத்துப் பெரியவர்களின் ஆசி அதில் உறைந்திருக்கிறது என்பது மனம் அறிந்த காரணம்.

இவ்வெண்ணம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பீகார் மாநிலத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ‘சுஜனி’ என்னும் போர்வை தைத்து, அதில் பச்சிளங்குழந்தையைப் பொதிவார்கள். கந்தல் துணிக்கென்றே ஒரு தேவியை அங்கு வணங்குவதும் உண்டு. வங்காளத்தில் இத்தகைய போர்வைக்குக் ‘காந்தா’ என்று பெயர். ஸ்ரீ சைதன்ய மகாபிரபு பூரியில் தங்கியிருந்த கம்பீரா என்னும் சிற்றறையில், அவருடைய பாதுகையோடும் கமண்டலத்தோடும் ஒரு காந்தாவும் போற்றிக் காக்கப்படுகிறது. துறவு பூண்ட மகானுக்கும் உடன் இருந்தது ஒரு கைத்தையல் போர்வை!

ஒரு மண்டலக் கணக்கு

தாமரையோ மயிலோ வேலோ, எளிய உருவம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 60 கட்ட அகலமும் 80 கட்ட உயரமும் கொண்ட உருவம் முழுவதையும் நிரப்ப 4,800 தையல்கள் தேவை. அங்குலத்திற்கு 10 கட்டம் உள்ள துணியில் அது 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்டதாக அமையும். நாளொன்றுக்கு 100 தையல் வீதம் இட்டால் 48 நாளில், அதாவது சரியாக ஒரு மண்டலத்தில், உருவம் நிறைவுறும். தையலுக்கு ஒரு திருநாமம் என்று சொல்லிக்கொண்டே வந்தால் கையும் மனமும் ஒன்றில் நிற்கும். நேற்றைய மனத்தாங்கலும் நாளைய கவலையும் எண்ணிக்கைக்கு நடுவே நுழைய இடமிராது. ஜபமாலை உருட்டும் பொழுது வாய்க்கும் அமைதியும் இத்தகையதே.

துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்து தொடங்குவது முறை. முனை மழுங்கிய ஊசி போதும். கடைகளில் கிடைக்கும் நூற்சுருளில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும்; அவற்றுள் இரண்டு மூன்றை மட்டும் பிரித்துக் கோக்க வேண்டும். மேலே விழும் சாய்கோடு எல்லாத் தையலிலும் ஒரே திசையில் இருந்தால்தான் அழகு. சிவப்பு நூல் சாயம் விடக்கூடும் ஆதலால், முதலில் ஒரு துண்டை வெள்ளைத் துணியில் வைத்து நனைத்துப் பார்த்துவிடுவது நலம்.

பகல் வெளிச்சத்தில், அரைமணிக்கு ஒருமுறை கண்ணை மூடித் திறந்து தைப்பது முதியவர்களுக்கு ஏற்றது. நீரிழிவால் விரல் மரத்துப் போனவர்கள் ஊசி குத்துவதை உணராமல் இருக்கக்கூடும். விரலுறை அணிந்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் காப்பு முதன்மை

மணி, சம்கி, கண்ணாடி, பொத்தான் ஆகியவற்றைக் குழந்தைப் போர்வையில் தைத்தலாகாது. பிய்ந்து வாய்க்குள் போய்விடும். பின்புறத்து நூல்கள் பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளாதபடி, மென்மையான பழம்புடைவைத் துண்டை உட்புறமாக வைத்து மூடித் தைக்க வேண்டும். குழந்தையைப் பொதியும்போது கால்களை இறுக்கி நீட்டிக் கட்டாமல், மடித்து அசைக்க இடம் விட வேண்டும். இல்லையேல் இடுப்பு மூட்டுக்குத் தீங்கு நேரும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை கிடக்கலாகாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். முகத்தை மூடினால் மூச்சு முட்டும். ஆகவே, அனுப்பிய போர்வையைத் தொட்டிலில் காணோமே என்று பாட்டி மனம் வருந்த வேண்டியதில்லை. எடுத்து வைத்த மருமகள் அன்பை மறுக்கவில்லை, குழந்தையைக் காக்கிறாள். விழித்திருக்கையில் மடியில் போர்த்தவும், தரையில் விரித்துக் குப்புற விளையாடச் செய்யவும், கோயிலுக்கு எடுத்துச் செல்லவும் அப்போர்வை என்றும் பயன்படும்.

கைக்குழந்தை வளர்ந்துவிடும். போர்வை சிறுத்துப் போகும். ஆயினும் பெட்டியின் அடியில் அதைக் கண்டெடுக்கும் நாளில், இது யார் தைத்தது என்று அந்தப் பிள்ளை கேட்கும். தைத்த கை அன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பதில் சொல்ல ஒரு தாமரை அந்தத் துணியில் இருக்கும். அடுத்த முறை அம்பாள் சந்நிதிக்குச் செல்லும்போது, முடித்த போர்வையைத் திருவடியில் ஒரு கணம் வைத்து எடுத்து வந்து கொடுக்கலாம். அதைவிடச் சிறந்த சீர் வேறென்ன?