திரையில் ஒலித்த பான்சோரி

கொரிய நாட்டின் பழைய கலைகளுள் தனிச்சிறப்பு வாய்ந்தது பான்சோரி. அரங்கிலே இருப்போர் இருவரே: பாடுபவர் ஒருவர், முழவு கொட்டுபவர் மற்றவர். பாடுபவரின் கையில் ஒரு விசிறி மட்டும் இருக்கும். கதை சொல்பவரும் அவரே; பாடுபவரும் அவரே; கதைமாந்தர் அனைவராகவும் நடிப்பவரும் அவரே. சில கதைகளை முழுமையாகப் பாடி முடிக்க எட்டு மணி நேரம் வரை செல்லும். முன்னர் பன்னிரண்டு கதைகள் வழங்கின. இன்று எஞ்சியிருப்பவை ஐந்தே.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தது. அதன் பின்னர் 1950இல் மூண்ட போர் நாட்டைச் சிதைத்தது. மேனாட்டு இசையும் திரைப்படமும் மக்கள் மனத்தைக் கவர, ஊர் ஊராகச் சென்று பாடியோர் பிழைக்க வழியின்றித் தவித்தனர். 1964இல் அரசு பான்சோரியைப் பேணற்குரிய கலைச்செல்வமாக அறிவித்தது. அதனைக் காத்த பெரும் பாடகியருள் ஒருவர் கிம் சோ ஹீ அம்மையார். அவரிடம் பயின்ற மாணவியே ஓ ஜொங் ஹே.

ஓ ஜொங் ஹே 1971இல், தென்மேற்குக் கரையிலுள்ள மொக்போ நகரிற் பிறந்தவர். 1992இல், நாம்வொன் நகரத்து விழாவில், காவியத் தலைவி சுன்ஹியாங்கின் பெயரால் நடைபெறும் போட்டியிலே தெரிவு செய்யப்பட்டார். இயக்குநர் இம் குவொன் தேக் அவரைத் தமது படத்தின் நாயகியாக்கினார். அதுவே 1993இல் வெளிவந்த 'சொப்யொன்ஜே'. சோகச் சுவை மிகுந்த மேற்கத்திப் பாணிப் பான்சோரிக்கு வழங்கும் பெயர் அது.

யூ பொங் என்னும் நாடோடிப் பாடகன் மகள் சொங் ஹ்வாவுக்குப் பாட்டும், மகன் தொங் ஹோவுக்கு முழவும் கற்பிக்கின்றான். இருவரும் அவன் பெற்ற பிள்ளைகள் அல்லர். வறுமை தாங்காது மகன் ஓடிவிடுகின்றான். மகளும் பிரிந்துவிடுவாளோ என்னும் அச்சமும், நெஞ்சில் ஆறாத துயரம் உறைந்தாலன்றிக் குரல் கனியாது என்னும் எண்ணமும் யூ பொங்கை ஆட்கொள்கின்றன. மருந்தூட்டி அவளைக் குருடாக்குகின்றான். அத்துயரத்தைக் கொரியர் 'ஹான்' என்பர். ஆண்டுகள் பல கழிந்தபின் தம்பி அவளைத் தேடிக் காண்கின்றான். அவள் பாட, அவன் முழவு கொட்ட, இரவு முழுவதும் கழிகின்றது. உறவைச் சொல்லாமலே பிரிகின்றனர். அன்று அவள் பாடுவது, குருடனான தந்தைக்காகத் தன்னையே பலியிடத் துணிந்த சிம் சொங்கின் கதை. அக்கதையிலே தந்தை கண் பெறுகின்றான். பாடுபவளோ தந்தையாற் கண்ணிழந்தவள்.

கலைக்காக ஒருவர் கண்ணை மற்றொருவர் பறிக்கலாமா? பார்த்தோர் பலரின் நெஞ்சில் எழுந்த கேள்வி இதுவே. யூ பொங்கின் கொடுமையைப் படம் மறைக்கவில்லை. சாகுந் தறுவாயில் அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டு, துயரத்தில் அமிழ்ந்துவிடாது அதனைக் கடந்து பாடுமாறு மகளை வேண்டுகின்றான். நாயகியாக நடித்தவரின் வாழ்க்கையும் ஒரு விடை தருகின்றது. ஓ ஜொங் ஹேயின் குரலைப் பண்படுத்தியது நஞ்சன்று. நல்லாசிரியரின் பயிற்சியும் நெடுங்காலச் சாதகமுமே. மரபிசை பயின்ற ஒருவரே அப்பாத்திரத்தில் நடித்தார்.

சோல் நகரில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படத்தைக் கண்டனர். அதற்கு முன் எந்தக் கொரியப் படமும் அந்நகரில் அத்தொகையை எட்டியதில்லை. 1993இல் நடந்த முதலாவது சங்காய்த் திரைப்பட விழாவிலே ஓ ஜொங் ஹே சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார். பின்னர் 'தேபெக் மலைத்தொடர்' (1994), 'திருவிழா' (1996) ஆகிய படங்களிலும் நடித்தார். 2007இல், இம் குவொன் தேக்கின் நூறாவது படத்தில், மீண்டும் சொங் ஹ்வாவாகத் தோன்றினார்.

பான்சோரியை மறந்திருந்த இளந்தலைமுறையினர் பலர் அப்படத்தின் வாயிலாகவே அதனை முதன்முறை செவிமடுத்தனர். 2003இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றென அறிவித்தது. பழங்கலையைப் பின்தள்ளிய திரைப்படமே அதனை மீண்டும் மக்களிடம் கொண்டு சேர்த்தது என்பது சிந்தித்தற்குரியது.