மூன்று வளையங்கள் சொல்லும் வியாபாரச் செய்தி

அரிசி மூட்டையோ, எண்ணெய் டின்னோ, மார்க்கைப் பார்த்து வாங்குவது நம் வாடிக்கையாளர்களின் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மார்க்கைப் பார்த்துச் சரக்கைச் சொல்லிவிடுவார். கார் வியாபாரத்திலும் அப்படித்தான். டொயோட்டா காரின் முன்புறம் உள்ள மூன்று வளையங்களின் வரலாறு வணிகர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டியதாகும்.

இந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜப்பானியக் குடும்பத்தின் பெயர் டொயோட்டா அல்ல, டொயோடா. வளமான நெல்வயல் என்பது இதன் பொருள். சாகிச்சி டொயோடா தானியங்கித் தறி செய்து புகழ் பெற்றவர். அவர் மகன் கீச்சிரோ கார் தயாரிப்பில் இறங்கினார்.

1936ஆம் ஆண்டு புதிய சின்னம் கேட்டுப் பொதுமக்களுக்குப் போட்டி வைத்தார்கள். சுமார் 27,000 சின்னங்கள் வந்து குவிந்தன. தேர்வானதில் டொயோட்டா என்று இருந்தது. ஜப்பானிய எழுத்தில் இதற்கு எட்டுக் கோடுகள் போதும். எட்டு அங்கே ராசியான எண். உச்சரிப்பும் தெளிவு. குடும்பப் பெயராக இருந்தது பொதுப் பெயராகவும் ஆயிற்று. 1937இல் கார் கம்பெனி தனியாகத் தொடங்கப்பட்டபோது இதே பெயரைச் சூட்டினார்கள்.

மூன்று வளையச் சின்னம் வந்தது 1989இல். உள்ளே பின்னியிருக்கும் இரண்டு வளையங்களில் ஒன்று வாடிக்கையாளர் மனம், மற்றொன்று கம்பெனியின் மனம். இரண்டும் சேர்ந்து ஆங்கில 'டி' எழுத்தாகவும், ஸ்டியரிங் சக்கரமாகவும் தெரியும். வெளி வளையம் உலகம். இடமும் வலமும் ஒன்றாக இருப்பதால், முன்னே போகும் வண்டியின் கண்ணாடியில் பார்த்தாலும் சின்னம் மாறாது.

இவ்வளவு கவனமான கம்பெனிக்கும் இந்தியாவில் ஒரு பெயர் கைநழுவியது. 1997இல் ஜப்பானில் 'பிரியஸ்' என்ற காரை விற்கத் தொடங்கியது. இங்கே அந்தப் பெயரைப் பதிவு செய்யவில்லை. 2001 முதல் அதே பெயரில் இங்கே உதிரிபாகம் விற்றுவந்த இந்திய நிறுவனம் பதிவும் பெற்றுவிட்டது. 2001க்கு முன்பே இந்தியாவில் அந்தப் பெயருக்குப் போதிய செல்வாக்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னமே பதிவு செய்திருந்த டொயோட்டா என்ற பெயருக்கோ பாதுகாப்பு கிடைத்தது.

வணிகப் பெருமக்களே, மசாலாப் பொட்டலத்திலும் பருப்புப் பையிலும் நாம் அச்சிடும் மார்க்கு பல வருட உழைப்பின் பலன். அதை டிரேட் மார்க் சட்டப்படி பதிவு செய்யுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறவாதீர்கள்.