ரோபோ நடத்துகிறதா, குழந்தை நடக்கிறதா?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை டிரெட்மில்லில் நிறுத்தி, இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் ஆளுக்கொரு காலைப் பிடித்து நடக்கப் பழக்கினால், கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு முன்பே அவர்கள் களைத்துவிடுவார்கள். ரோபோ நுழைந்தது இந்த இடத்தில்தான். சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனம் உருவாக்கிய 'லோகோமாட்' கருவியில், உடல் எடையின் ஒரு பகுதியை வார்ப்பட்டைகள் தாங்கிக்கொள்ளும். இடுப்பையும் முழங்காலையும் ஒட்டிப் பூட்டிய மோட்டார் சட்டங்கள் கால்களைச் சீராக அசைக்கும். முதலில் பெரியவர்களுக்காக வந்தது. தொடை நீளம் குறைந்த குழந்தைகளுக்கான சட்டங்கள் பின்னர் சேர்ந்தன. ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகள் எடுத்துவைக்கலாம்.

ஆனால் அடிகளின் எண்ணிக்கையைப் பயிற்சியின் அளவாகக் கொள்ள முடியாது. கருவியே காலைத் தூக்கிவைத்தால் தசை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். மூளையும் புதிதாகக் கற்பது குறையும். அதனால்தான் தேவையான அளவு மட்டும் உதவி, மீதி குழந்தையின் முயற்சி என்ற முறைக்கு வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். திரையில் ஓடும் கணினி விளையாட்டும் அந்த முயற்சியைத் தூண்டத்தான். அதிலும் குறுக்குவழி உண்டு: கைக்கான ரோபோ பயிற்சியில், கையை நீட்ட வேண்டிய இடத்தில் குழந்தை உடம்பையே முன்னால் சாய்த்துப் புள்ளி சேர்த்துவிடும். தோள் நகர்ந்ததா, முதுகு வளைந்ததா என்று பார்க்கப் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும்.

சரி, பலன் எவ்வளவு? பக்கவாதம் வந்த 770 பேரிடம் பிரிட்டனில் நடந்த 'ராட்டுல்ஸ்' ஆய்வு 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. கையின் செயல்திறனில், வழக்கமான சிகிச்சையை விட ரோபோ பயிற்சி மேலான பலன் தரவில்லை. அது பெரியவர்களைப் பற்றியது, குழந்தையின் மூளை இன்னும் நெகிழ்வானது என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் அது குழந்தைகளிடம் தனியாகச் சோதிக்கச் சொல்கிறதே தவிர, பலன் கிடைத்துவிட்டதாகச் சொல்லவில்லை. மூளை முடக்குவாத சிகிச்சைகளை 2020இல் தொகுத்து ஆராய்ந்த ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழு, குழந்தை தானே செய்து பழகும் அன்றாட வேலைகள் சார்ந்த பயிற்சிக்கே முதலிடம் தந்தது. பிறர் அசைத்துவிடும் சிகிச்சைகளின் பலன் குறைவு என்றது.

ரோபோ வேண்டாம் என்பதல்ல வாதம். பலமுறை திரும்பச் செய்யவும் முன்னேற்றத்தை அளக்கவும் அது நல்ல துணை. விலையும் எப்போதும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டியதில்லை. கைப் பயிற்சிக்கென்று வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் உருவாக்கிய 'புளூட்டோ' சிறிய, எளிய கருவி. பெற்றோரே, பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வீட்டில் எந்த வேலையை என் குழந்தை தானாகச் செய்ய இந்தப் பயிற்சி உதவும்? கருவியின் உதவியை எப்போது, எவ்வளவு குறைப்பீர்கள்?