பதக்கம் பெறாத படைவீரர்கள்

இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் 'மலாயாக்காரர் வீடு', 'இரங்கோன்காரர் வீடு' என்னும் பெயர்களை நம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். வறட்சியும் கடனும் துரத்தக் கப்பலேறி, இரப்பர்த் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் உழைக்கச் சென்றோரின் வீடுகள் அவை. அங்ஙனம் சென்றவருட் பலர், 1943-ஆம் ஆண்டில் சுபாஷ் சந்திரபோஸ் அவர்களின் அழைப்பையேற்று இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். துப்பாக்கியைத் தொட்டறியாத தொழிலாளர் அவர்கள். ஜான்சி ராணிப் படையிலும், தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள் மிகுதியாக இருந்தனர்.

1944-இல் இம்பால் முனையில் மழையும் பசியும் மலேரியாவும் குண்டுகளுக்கு ஈடாக உயிர்களைக் கொண்டன. அதே பர்மியப் போரில் எதிரணியில் நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையினருக்கு 'பர்மா ஸ்டார்' பதக்கம் கிடைத்தது. இவர்களுக்கோ சிறைமுகாம் கிடைத்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் இவர்கள் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. இது நமக்கு இன்றும் விளங்காத நீதியே.

விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972-இல் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் வழங்கப்பட்டது. மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டமும் பிறந்தது. மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஆறு மாதச் சிறைவாசம் வேண்டும்; பெண்களுக்குப் பின்னர் மூன்று மாதம் போதுமென்றாயிற்று. 1980 ஆகஸ்டு முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டு, தொகையும் 300 ரூபாயாக உயர்ந்தது. தேசிய இராணுவத்தாரும் இதற்கு உரியோரே. ஆயினும் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. அரசு வகுத்த திட்டமே. 1982 மார்ச் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டுமென்று நாளும் குறிக்கப்பட்டது.

இங்கேதான் எளியோர் இடறினர். சிறையிருந்ததற்குச் சான்று எங்கே? முகாம்களோ பர்மாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தன. ஆவணம் இல்லையெனில் உடன் சிறையிருந்தோர் சான்றளிக்கலாம் என்பது விதி. அந்தத் தோழர் மலாயாவிலேயே தங்கிவிட்டிருந்தால், அல்லது மாண்டிருந்தால்? காகிதங்களைக் காத்து வைக்கும் பழக்கம் குடிசைகளில் ஏது? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு கடலுள் போனவை வீடுகள் மட்டுமல்ல.

நீதிமன்றங்கள் ஓரளவு துணை நின்றன. காலங்கடந்து விண்ணப்பித்தார் என்ற ஒரே காரணத்தால் ஓய்வூதியத்தை மறுக்கலாகாது என 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கிற்கு வேண்டும் கடுஞ்சான்றைத் தியாகியிடம் கேட்டல் தகாதென 2001-இல் மீண்டும் உரைத்தது. தில்லிக் குடியரசு நாள் அணிவகுப்பில் இப்படையின் முதியோர் நால்வர் முதன்முறையாக இடம்பெற்றதோ 2019-இல்தான்; அனைவரும் தொண்ணூறு கடந்தவர்.

அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட பிலிப்பைன் வீரரின் கதையும் இத்தகையதே. அவர்களுக்கு உறுதியளித்த சலுகைகளை 1946-இல் ஒரு சட்டம் பறித்தது. எழுபதாண்டு கழித்து, 2016-இல் மற்றொரு சட்டம் அவர்களுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. பெரும்பாலோர் அதனைக் காண உயிரோடில்லை. எனினும் சட்டப் புத்தகத்தில் அவர்கள் வீரர் என்று எழுதப்பட்டுள்ளது. நம்மவர்க்கு அதுவும் இல்லை.

நம் பங்குகளில் இத்தகையோரின் விதவைகளோ மணமாகாப் புதல்வியரோ இருப்பின், அவர்களுக்கும் அத்திட்டத்தில் இடம் வகுக்கப்பட்டிருந்தது என்பதை அறிவார்களாக. பழைய கடவுச்சீட்டு, முகாம் சீட்டு, கடிதம் எதுவாயினும் எறிந்துவிட வேண்டாம். கணவன் மனைவி என்பதை மெய்ப்பிக்கப் பங்கின் திருமணப் பதிவேட்டுப் படி உதவும். பங்குத் தந்தையரிடம் கேட்டுப் பெறுக.