உண்டியல் செய்யும் பங்ஷன்

புரோகிராமிங் கற்க ஆரம்பித்தவுடன் பலரை மிரட்டும் சொல் ஆப்ஜெக்ட். புத்தகத்தைத் திறந்தால் கிளாஸ், கன்ஸ்ட்ரக்டர், இன்ஹெரிட்டன்ஸ் என்று வரிசையாக வந்து நிற்கும். புரோகிராம் எழுதுவதுதான் என் தொழில். ஆனாலும் சின்ன வேலைகளுக்கு நான் கிளாஸ் பக்கம் போவதில்லை. மேப், குளோஷர் இரண்டும் போதும். உங்கள் பிரவுசரில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

மேப் என்பது பெயரும் அதற்கு எதிரே ஒரு மதிப்பும் உள்ள பட்டியல். செல்போனில் பெயருக்கு எதிரே நம்பர் இருக்கிறதே, அது போல. அந்த மதிப்பு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பங்ஷனையே அங்கே வைக்கலாம்.

குளோஷர்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஒரு பங்ஷன் ஓடி முடிந்ததும் அதற்குள் இருந்த வேரியபிள்கள் பொதுவாக அழிந்துவிடும். ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு பங்ஷனை உருவாக்கி வெளியே அனுப்பினால், அது பயன்படுத்தும் வேரியபிள் அழியாமல் அதனுடனேயே ஒட்டிக்கொண்டு வரும். இதற்கு குளோஷர் என்று 1964-ல் பெயர் வைத்தவர் பீட்டர் லாண்டின்.

இரண்டையும் சேர்த்து ஓர் உண்டியல் செய்வோம். குறியீடுகளை விட்டுவிட்டு வெறும் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

உண்டியல்செய்:
இருப்பு = 0
போடு(தொகை): தொகை 0-ஐ விட அதிகம் என்றால் இருப்புடன் கூட்டு
எவ்வளவு: இருப்பைச் சொல்
போடு, எவ்வளவு இரண்டும் உள்ள மேப்பைத் திருப்பிக் கொடு

நிஜ புரோகிராமில் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் இருப்பு, போடு போன்ற பெயர்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும்!

இந்தப் பங்ஷனை இரண்டு முறை அழைத்து, அண்ணன், தங்கை என இரண்டு உண்டியல்கள் வாங்குங்கள். அண்ணன் உண்டியலில் 50, பிறகு 20 போடுங்கள். எவ்வளவு என்று கேட்டால் 70 வரும். தங்கையுடையதில் இன்னும் 0-தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இருப்பு.

இப்போது குறும்பு செய்து பாருங்கள். அண்ணன் மேப்பில் இருப்பு என்ற பெயருக்கு 5000 என்று கொடுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. மேப்பில் அந்தப் பெயரில் புதிதாக ஒரு வரி சேரும், அவ்வளவுதான். எவ்வளவு என்று கேட்டால் அதே 70! உண்மையான இருப்பு மண் உண்டியலுக்குள் இருக்கும் காசு போல பங்ஷனுக்குள் இருக்கிறது.

இருப்பை மேப்பிலேயே வெளிப்படையாக வைத்திருந்தால், ஆயிரம் வரி புரோகிராமில் எந்த வரியும் அதை மாற்றியிருக்கலாம். கணக்கு தப்பினால் ஆயிரத்தையும் தேட வேண்டும். இங்கே போடு ஒன்றைப் பார்த்தால் போதும். அதில் 0-ஐ விட அதிகமா என்று சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் மைனஸ் 50 போட்டு யாரும் காசை உருவிவிடலாம்.

1975-ல் எம்.ஐ.டி.யில் சஸ்மன், ஸ்டீல் இருவரும் ஸ்கீம் மொழியை உருவாக்கியபோது, செய்தி வாங்கி வேலை செய்யும் 'ஆக்டர்' என்ற ஆப்ஜெக்ட் போன்ற ஒன்றையும், பங்ஷனையும் தனித்தனியாக எழுதினார்கள். எழுதிப் பார்த்தால் உள்ளே இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் பிரெண்டன் ஐக்கை அழைத்தது, இந்த ஸ்கீமை பிரவுசருக்குள் கொண்டுவரத்தான். கடைசியில் அவர் செய்தது ஜாவாஸ்கிரிப்ட்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு உண்டியலும் தனக்கென்று இரண்டு பங்ஷன்களைச் சுமக்கிறது. ஒரு லட்சம் உண்டியல் என்றால் இரண்டு லட்சம் பங்ஷன்கள். கிளாஸில் எல்லா ஆப்ஜெக்ட்களும் ஒரே பங்ஷனைப் பகிர்ந்துகொள்ளும். மறைவான வேரியபிள் வசதியும் 2022 முதல் ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸில் இருக்கிறது. எனவே எண்ணிக்கை பெருகினால் நானும் கிளாஸுக்கே போவேன். இன்னொன்று, இது பூட்டு அல்ல. டீபக்கரைத் திறந்து பார்ப்பவருக்கு இருப்பு தெரிந்துவிடும்.

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதிலும் எஃப்12 கீயை அழுத்தி, கன்சோல் பகுதியில் எழுதிப் பாருங்கள். மேப்பில் உள்ள போடு பங்ஷனையே வேறொன்றாக மாற்றினால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். அதைத் தடுக்க, மேப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஆப்ஜெக்ட் டாட் ஃப்ரீஸ் கட்டளையைப் பயன்படுத்தவும்.