இருவர் தூக்கும் மின்னாக்கி

போர்க்களத்தில் மின்சாரம் விளக்கெரிக்க மட்டுமன்று. வானொலிக் கருவி பேசவும், மருத்துவக் கூடாரத்தில் அறுவை நடக்கவும் அது வேண்டும். அதை ஆக்கும் பொறியைச் சில வேளைகளில் படைவீரரே சுமக்க நேரிடுகிறது.

பெட்ரோல் எஞ்சின் இலேசானது. ஆனால் பெட்ரோலின் ஆவி எளிதில் தீப்பற்றும். மேலும், 1988-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, விமானத்துக்கும் தரை வண்டிக்கும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஒரே எரிபொருள் என்னும் கொள்கையை மேற்கொண்டது. டீசல் எஞ்சின் அதை ஏற்கும். பெட்ரோல் எஞ்சின் ஏற்காது. சிறு பொறிக்காகத் தனியே பெட்ரோல் கொண்டுபோவது வீண் பாரமல்லவா?

ஆயினும் டீசல் எஞ்சினை இலேசாக்குவது எளிதன்று. அதில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கி, அவ்வெப்பத்தாலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறோம். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதை மாணவ நேயர்கள் தொட்டறிந்திருப்பீர்கள், அதே நியதிதான். அத்தனை அழுத்தத்தைத் தாங்க உருளையின் சுவர் தடித்திருக்க வேண்டும். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இயக்கிக் காட்டிய எஞ்சின், ஏறத்தாழ 20 குதிரைத்திறனுக்கு நான்கு டன்னுக்கு மேல் கனத்தது!

1990-களில் அமெரிக்கப் படைக்கென உருவான 2 கிலோவாட் டீசல் மின்னாக்கியின் எடையோ சுமார் 63 கிலோ, இருவர் தூக்கிவிடலாம். அலுமினிய வார்ப்பும், நீரின்றிக் காற்றாலேயே குளிரும் அமைப்பும், நிலைக்காந்தங்களும் இத்தகைய பொறிகளின் பாரத்தைக் குறைக்கின்றன. எளிதில் அடங்காதது இரைச்சல். இரவில் அது பகைவர் செவிக்கும் எட்டும். அதை அடக்கப் பெட்டியிட்டு மூடினாலோ, குறைத்த எடை மீண்டும் ஏறிவிடுகிறது.